கே-1 விசாவில் வருகிறவர்களுக்கு: எந்தக் காகிதம் எப்போது

அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஒருவரை மணப்பதற்காகக் கே-1 விசாவில் வருகிற எல்லோருக்கும் ஒரு கணக்கு மனப்பாடமாக இருக்கும். இறங்கிய நாளிலிருந்து 90 நாளுக்குள் திருமணம் முடிந்திருக்க வேண்டும். நீட்டிப்பு கிடையாது, வேறு விசாவுக்கு மாறிக்கொள்ளவும் வழியில்லை. மனுப் போட்டு வரவழைத்தவரைத்தான் மணக்க வேண்டும். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அந்த 90 நாளுக்குள்ளும் அதைச் சுற்றியும் வேறு சில கெடுக்கள் ஓடிக்கொண்டிருப்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வேலைக்கும் வரிக்கும் அடையாளமான சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு ஒரு கெடு, மணப்பதற்கு முன் வாங்க வேண்டிய திருமண உரிமத்துக்கு ஒரு கெடு, ஊரில் செய்த மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு கெடு, கணவரின் அலுவலகக் காப்பீட்டுக்கு ஒரு கெடு. இவற்றில் பாதி, முகூர்த்த நாளைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதில்லை.

நான் மதுரைக்காரி. 2024 அக்டோபர் தொடக்கத்தில் ஹூஸ்டனில் வந்து இறங்கினேன். விசா எப்போது கைக்கு வரும் என்று தெரியாததால், வந்த பிறகு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வீட்டிலும் விட்டிருந்தார்கள். பஞ்சாங்கத்தை விரித்தபோது, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இரு ஜாதகத்துக்கும் தோதான நாள் அமையவில்லை. மார்கழியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. அமைந்த நல்ல நாள் தை மாதத்தில். "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்று அம்மா தொலைபேசியில் மகிழ்ந்தார். நாட்டுக்குள் வந்ததையும் எதுவரை தங்கலாம் என்பதையும் காட்டும் என் ஐ-94 பதிவு ஜனவரி தொடக்கத்திலேயே முடிகிறது. தை பிறப்பதோ ஜனவரி பாதியில். இடையில் இருப்பது சில நாள்தான், ஆனால் சட்டத்துக்கு அந்தச் சில நாள் போதும்.

சட்டத் திருமணத்தை நவம்பரில் நீதிபதி முன்னிலையில் முடித்துவிட்டு, தாலி கட்டுவதைத் தை முகூர்த்தத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நானும் என்னை மணக்கப்போகிறவரும் சொன்னோம். அவருடைய அம்மாவான அத்தைக்கு மனம் ஒப்பவில்லை. தாலி ஏறாமல் கையெழுத்துப் போட்ட பெண்ணை என்ன முறை சொல்லி அழைப்பது என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அதைப் பழைய காலத்து எண்ணம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பெரியப்பாதான் ஊரிலிருந்து பேசி முடித்துவைத்தார்: கையெழுத்து அரசாங்கத்துக்கு, முகூர்த்தம் நமக்கு, இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தை வரை அத்தை எனக்கு மாடியில் தனி அறை கொடுத்தார். என் கணவரும் பெற்றோருடன் அதே வீட்டில் இருந்ததால், காகிதங்களில் எங்கள் இருவருக்கும் ஒரே முகவரி அமைந்தது. இது பிறகு மிகவும் உதவியது.

இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். சட்டத் திருமணத்தின் தேதியைக் காகிதங்களின் வரிசை தீர்மானிக்கட்டும். சடங்குத் திருமணத்துக்கு அரசு எந்தக் கெடுவும் வைக்கவில்லை; அதை ஆற அமர, ஊரே கூடி, நல்ல நேரத்தில் செய்யலாம்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் ஊரில் தாலி கட்டி அனுப்பிவைத்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அது ஆபத்து. கே-1 என்பது இன்னும் மணமாகாதவர்களுக்கான விசா. மணமாகிவிட்டால் அந்தத் தகுதி போய்விடும். மனைவிக்குரிய வேறு மனுவை முதலிலிருந்து தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் இது இன்னும் நுட்பமானது. இந்து திருமணச் சட்டத்தில் நம் மாநிலத்துக்கென்று 1967-இல் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவின்படி, உறவினர் நண்பர் முன்னிலையில் மணமக்கள் ஒருவருக்கொருவர் மாலை சூட்டியோ, விரலில் மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்துகொள்ளும் திருமணம் செல்லும். புரோகிதர் வேண்டியதில்லை. சுயமரியாதைத் திருமணங்களுக்குக் கிடைத்த பெருமைக்குரிய சட்டம் அது. ஆனால் நிச்சயதார்த்தத்தில் மாலையும் கழுத்துமாக எடுத்த படத்தைப் பார்க்கிற தூதரக அதிகாரிக்கு, நடந்தது நிச்சயமா கல்யாணமா என்ற சந்தேகம் வருவது இயல்பே. எங்கள் நிச்சயத்தில் தட்டு மாற்றி லக்னப் பத்திரிகை வாசித்ததோடு சரி. மாலையும் இல்லை, மோதிரமும் இல்லை. மும்பையில் நடந்த விசா நேர்காணலில் அதிகாரி படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கல்யாணம் எங்கே நடக்கப்போகிறது என்று மட்டும் கேட்டார்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது: பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, முதலெழுத்தும் பெயரும்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுவதும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும்; முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகள் அச்சாகும். மும்பையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோவைப் பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. அந்த மூன்று எழுத்துகள் விசாவோடு நிற்பதில்லை. ஐ-94 பதிவு, திருமண உரிமம், வங்கிக் கணக்கு என்று போகிற இடமெல்லாம் கூடவே வந்து விளக்கம் கேட்கும். மனுப் போடுவதற்கு முன்பே அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பிரித்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்வது நல்லது. மனு ஏற்கப்பட்ட பிறகு மாற்றினால், பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் ஒவ்வோர் அலுவலகத்திலும் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு பெயரைச் சேர்க்காமல் விட்டவர்கள் நம் ஊரில் ஏராளம். பெயர் இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு இங்கிருந்து மாநகராட்சிக்கு ஆளனுப்புவதைவிட, ஊரில் இருக்கும்போதே பெயரைச் சேர்த்து இரண்டு மூன்று அசல் பிரதிகள் வாங்கிவைப்பது எளிது. தடுப்பூசிப் பதிவுக்கும் இது பொருந்தும். விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை அறிக்கை முத்திரையிட்ட உறையில் போகும். உங்களுக்குத் தனியாகத் தடுப்பூசிப் படிவத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டிய ஊசிகள் எல்லாம் அங்கேயே போடப்பட்டுப் பதிவாகியிருந்து, பரிசோதனை நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கிரீன் கார்டு மனுவைப் போட்டுவிட்டால், அமெரிக்காவில் மறுபடி முழுப் பரிசோதனை செய்யச் சொல்வதில்லை. அந்த ஓராண்டு நீங்கள் விமானம் ஏறிய நாளிலிருந்து தொடங்குவதில்லை, பரிசோதனை நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. விசா ஆறு மாதம் செல்லும் என்று நிதானமாகக் கிளம்புகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

வந்து இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலைக்கு வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. சுங்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் ஐ-94 பதிவைத் தேடி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், கே-1 என்ற வகை, தங்கலாம் என்று கொடுத்த கடைசி தேதி ஆகிய ஐந்தையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் உடனே திருத்தக் கேட்க வேண்டும்; ஏனென்றால் அடுத்து நீங்கள் போகப்போகும் எல்லா அலுவலகமும் இந்தப் பதிவைத்தான் பார்க்கப்போகிறது.

அடுத்தது சமூகப் பாதுகாப்பு எண். எல்லோரும் எஸ்.எஸ்.என். என்றுதான் சொல்கிறார்கள். நாள்கணக்கு மிகவும் இறுக்கமாக இருப்பது இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கே-1 விசாவில் வந்தவர் திருமணத்துக்கு முன்பே, வேலை அனுமதி அட்டை இல்லாமலே, இந்த எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் வந்த மறுநாளே போனால் பயனில்லை. நீங்கள் நாட்டுக்குள் வந்த விவரத்தை அந்த அலுவலகம் குடியேற்றத் துறையின் கணினிப் பதிவில் சரிபார்க்க வேண்டும்; அந்தப் பதிவு வந்து சேரச் சில நாள் பிடிக்கும். அதனால் ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துப் போவது உசிதம். மறுமுனையிலும் ஒரு வரம்பு இருக்கிறது. ஐ-94 பதிவில் குறைந்தது இரண்டு வாரமாவது மிச்சம் இருக்க வேண்டும். ஆக, முன்னால் இரண்டு வாரம், பின்னால் இரண்டு வாரம் போக, நடுவில் இருக்கிற காலம்தான் உங்களுடையது. அதையும் கல்யாண வேலையில் கரைத்துவிட்டால், வேலை அனுமதி அட்டை வரும்வரை காத்திருக்க நேரும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

பாஸ்போர்ட், விசா, ஐ-94 அச்சுப்படி, பிறப்புச் சான்றிதழ், விண்ணப்பப் படிவமான எஸ்எஸ்-5 ஆகியவற்றோடு நேரில் போக வேண்டும். கட்டணம் இல்லை. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே விண்ணப்பியுங்கள். திருமணத்துக்குப் பிறகு பெயர் மாற்றுவதாக இருந்தாலும் இந்தக் கட்டத்தில் அதைக் கொண்டுவர வேண்டாம். ஐ-94 பதிவில் இருக்கும் பெயரும் விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால் சரிபார்ப்பு தடங்கலில்லாமல் நடக்கும். அட்டை தபாலில் வரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் தபால் பெட்டியில் தங்கள் பெயரையும் எழுதி ஒட்டிவையுங்கள். புதுப் பெயரைக் கண்டு தபால்காரர் திருப்பி அனுப்பிவிட்டால் வீண் அலைச்சல். அட்டை வந்துவிட்டது என்பதற்காக வேலையில் சேர்ந்துவிடக் கூடாது. குடியேற்றத் துறையின் அனுமதி இருந்தால்தான் வேலைக்குச் செல்லும் என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். வங்கிக் கணக்கு, காப்பீடு, வருமான வரிப் படிவம் ஆகியவற்றுக்கு அந்த எண் உடனே உதவும்.

திருமண உரிமம் வேறு காரியம். அமெரிக்காவில் திருமணச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உரிமம் தருவது மாவட்ட எழுத்தர் அலுவலகம் போன்ற உள்ளூர் அலுவலகம். டெக்சஸில் உரிமம் வாங்கிய பிறகு 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 8 மணி நேரத் திருமண முன்னறிவு வகுப்பில் சேர்ந்து சான்றிதழ் வாங்கினால் அந்தக் காத்திருப்பு இல்லை. நியூயார்க்கில் 24 மணி நேரம் காத்திருப்பு, உரிமம் 60 நாள் செல்லும். கலிபோர்னியாவில் காத்திருப்பே இல்லை, 90 நாள் செல்லும். டெக்சஸ் உரிமமும் ஏறத்தாழ 90 நாள் செல்லும் என்பதால் பலர் அதையும் விசாவின் 90 நாளையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். உரிமத்துக்கான நாள்கள் உரிமம் வாங்கிய தேதியிலிருந்தும், விசாவுக்கானவை இறங்கிய தேதியிலிருந்தும் ஓடுகின்றன. உரிமத்தில் இன்னும் ஒரு மாதம் பாக்கி இருக்கிறது என்பதால் உங்கள் ஐ-94 நீளாது.

நாங்கள் உரிமம் வாங்கப் போன அன்று, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி தட்டச்சு செய்து முடித்ததும் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அச்சடிப்பதற்கு முன் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து, என் பெயரையும் அப்பா பெயரையும் எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். பின்னால் வரிசை நீண்டது. அவர் அவசரப்படுத்தவில்லை, பிறந்த தேதியில் மாதம் முன்னால், நாள் பின்னால் வருவதையும் சுட்டிக்காட்டி, இது சரிதானே என்று கேட்டார். அந்த நிதானத்துக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். திருமணச் சான்றிதழில் ஓர் எழுத்து பிசகினாலும் அதைத் திருத்த நேரமும் பணமும் தனியாகச் செலவாகும். திரையில் திருத்த அரை நிமிடம் போதும்.

நீதிபதி முன்னிலையில் திருமணம் முடிந்ததும், அவர் கையெழுத்திட்ட உரிமம் எழுத்தர் அலுவலகத்துக்குத் திரும்பிப் பதிவாக வேண்டும். அதற்குப் பிறகே சான்றளித்த பிரதி கிடைக்கும். கோயிலிலேயே சட்டத் திருமணத்தையும் முடிக்க விரும்புகிறவர்கள், உரிமத்தில் கையெழுத்திட அதிகாரம் உள்ளவர் யார், அவர் அதை எப்போது அனுப்பிவைப்பார் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். விருந்து, மொய், புகைப்படம் என்ற ஆரவாரத்தில் அந்த ஒற்றைத் தாள் யாரோ ஒருவருடைய பையில் தங்கிவிடலாம். சான்றளித்த பிரதிகள் மூன்று நான்கு வாங்குங்கள். குடியேற்றத் துறை, காப்பீடு, பிற்பாடு இந்திய பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்ப்பது என்று ஒன்று மாற்றி ஒன்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கணவரோ மனைவியோ வேலை செய்யும் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டில் உங்களைச் சேர்க்கத் திருமண நாளிலிருந்து பெரும்பாலும் 30 நாள்தான் தருவார்கள். தவறினால் ஆண்டு இறுதிச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டும். அந்த 30 நாளும் சட்டத் திருமணத் தேதியிலிருந்து ஓடும். இந்த ஊரில் காப்பீடு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போவது எவ்வளவு பெரிய சுமை என்பதை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டிசம்பர் 31 அன்று சட்டப்படி மணமானவராக இருந்தால் அந்த ஆண்டு முழுதுக்கும் மணமானவர் என்றே வரிக் கணக்கில் கொள்வதும், நவம்பர் திருமணத்தால் எங்களுக்குக் கிடைத்த இன்னொரு வசதி.

அடுத்து, நிலை மாற்ற மனு என்ற ஐ-485, அதாவது கிரீன் கார்டு மனு. 90 நாளுக்குள் திருமணம் நடந்தால் போதும், மனுவை அதற்குப் பிறகும் போடலாம் என்பது உண்மை. ஆனால் ஐ-94 முடிந்து, மனுவும் போகாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் நீங்கள் சட்டபூர்வ நிலை இல்லாமல் இருக்கிற நாள். அந்த இடைவெளியே வராமல் பார்த்துக்கொள்வதுதான் நிம்மதி. திருமணச் சான்றிதழைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திருமணத்துக்கு முன்பே தயார் செய்து வைத்தோம். கணவரின் பொருளாதார உறுதிமொழிப் பத்திரம், அவருடைய வரி ஆவணம், முந்தைய மனு ஏற்கப்பட்ட அறிவிப்பின் நகல், பிறப்புச் சான்றிதழ், ஐ-94, தடுப்பூசிப் பதிவு, புகைப்படங்கள். சான்றளித்த பிரதி வந்ததும் கையோடு அஞ்சலில் சேர்த்தோம். வருமானத்தில் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. விசா கட்டத்தில் வறுமைக் கோட்டு அளவில் 100 சதவிகித வருமானம் காட்டினால் போதும்; கிரீன் கார்டு கட்டத்தில் பொதுவாக 125 சதவிகிதம் வேண்டும். விசா கிடைத்துவிட்டதால் இதுவும் கிடைக்கும் என்று இருந்துவிடாமல், தேவைப்பட்டால் கூட்டு உறுதிமொழி தரும் உறவினரை முன்பே பேசிவைக்க வேண்டும்.

பணத்தையும் ஒதுக்கிவையுங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் ஐ-485 கட்டணம் 1,440 டாலர். அதோடு சேர்த்துப் போடும் வேலை அனுமதி விண்ணப்பத்துக்கு 260, மனு நிலுவையில் இருக்கும்போது வெளிநாடு போய்வருவதற்கான முன்பயண அனுமதிக்கு 630. முன்பெல்லாம் இந்த மூன்றும் ஒரே கட்டணத்துக்குள் அடங்கியிருந்தன. பழைய அனுபவத்தைக் கேட்டு வருகிறவர்களுக்கு மொத்தம் 2,330 டாலர் என்பது அதிர்ச்சியாக இருக்கும். கட்டணமும் படிவமும் மாறிக்கொண்டே இருப்பவை. படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் பதிப்புத் தேதி அச்சாகியிருக்கும். அனுப்புகிற அன்று துறையின் இணையதளத்தில் அதே பதிப்புதான் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிப்பில் போட்ட மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாரங்கள் கழிந்து அது வீட்டுக்கு வரும்போது உங்கள் ஐ-94 முடிந்திருக்கும்.

பெயரை மாற்ற வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். மாற்றாததால் கிரீன் கார்டுக்கு எந்தக் குறையும் இல்லை. என் கணவரின் அமெரிக்க பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் இருப்பது மாமாவின் பெயர். நான் என் அப்பா பெயரோடே இருந்துகொள்கிறேன் என்றேன். மாமாவே அதுதான் சரி என்றார்.

தை முகூர்த்தம் பேர்லாந்தில் இருக்கும் மீனாட்சி கோயிலில் நடந்தது. மதுரையில் பிறந்தவளுக்கு ஹூஸ்டன் பக்கத்திலும் மீனாட்சி சந்நிதி கிடைத்ததை என் வீட்டில் எல்லோரும் பாக்கியமாக நினைத்தார்கள். அம்மாவும் அப்பாவும் காணொளியில்தான் பார்த்தார்கள். ஆனால் அன்று என் மனு குடியேற்றத் துறையில் பதிவாகி, ரசீது கையில் இருந்தது. எந்தக் கெடுவும் துரத்தாமல் மணையில் உட்கார முடிந்தது.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். கைரேகைக்கு அழைப்பு வரும், போய்வர வேண்டும். வீடு மாறினால் 10 நாளுக்குள் முகவரி மாற்றம் தெரிவிக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்குப் போகிறவர்கள், அதன் முடிவுத் தேதி ஐ-94 தேதியைத் தொட்டே அமையலாம் என்பதை எதிர்பார்த்துப் போங்கள்.

இந்தக் காலத்தின் மிகக் கடினமான பகுதி, ஊருக்குப் போக முடியாதது. கே-1 ஒரே ஒரு முறை நுழைவதற்கான விசா. மனு நிலுவையில் இருக்கும்போது முன்பயண அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினால், மனுவைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். அந்த அனுமதி வர மாதங்கள் ஆகும். என் தம்பியின் கல்யாணம் வைகாசியில் நடந்தது. அனுமதி வந்திருக்கவில்லை, நான் போகவில்லை. நாத்தனார் முறைக்கு மூன்றாவது முடிச்சுப் போட வேண்டியவள் நான். சித்தி மகள் போட்டாள். இப்படி ஒன்று வரும் என்று கிளம்பும்போதே வீட்டில் உட்காரவைத்துச் சொல்லியிருந்ததால், மனத்தாங்கல் இல்லாமல் போயிற்று. நீங்களும் கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள்: நெருங்கிய உறவில் கல்யாணம் வைப்பதாக இருந்தால் இந்த ஓராண்டுக்கு என்னை எதிர்பார்க்காதீர்கள் என்று. பெற்றோருக்கு உடல்நிலை மோசமாகிவிட்டது போன்ற அவசரத்துக்கு, மருத்துவச் சான்றோடு அவசர முன்பயண அனுமதி கேட்கும் வழி இருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

திருமணமாகி இரண்டு ஆண்டு நிறைவதற்குள் கிரீன் கார்டு வந்தால் அது நிபந்தனைக்குட்பட்ட அட்டை. இரண்டு ஆண்டு மட்டும் செல்லும். முடிவுத் தேதிக்கு முந்தைய 90 நாளுக்குள், அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவை இருவரும் சேர்ந்து போட வேண்டும். அந்தக் காலம் தொடங்குவதற்கு முன்னால் அனுப்பினால் திருப்பிவிடுவார்கள். கூட்டு வங்கிக் கணக்கு, சேர்ந்து போட்ட வரிப் படிவம், காப்பீடு, வாடகை ஒப்பந்தம் போன்றவற்றைத் தொடக்கத்திலிருந்தே தேதி வாரியாகச் சேர்த்துவையுங்கள்.

உங்கள் பாஸ்போர்ட், ஐ-94, ரசீதுகள், சான்றிதழ்கள் அனைத்தின் நகலும் உங்கள் கையிலேயே, உங்கள் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும். என் வீட்டில் அதற்கு அவசியம் வரவில்லை. ஆனால் உன் காகிதம் என் கையில் என்று மிரட்டப்பட்ட பெண்களை இங்கே சந்தித்திருக்கிறேன். ஐ-751 மனுவை இருவரும் சேர்ந்து போடுவதுதான் வழக்கம் என்றாலும், கொடுமைக்கு ஆளானவர் தனியாகப் போடச் சட்டம் இடம் தருகிறது. மணமுறிவு ஆகியிருந்தாலும், நேர்மையாக நடந்த திருமணம் என்று காட்டித் தனியாகப் போடலாம். இந்த உரிமைகளைச் சொல்லும் கையேட்டைக் கே-1 விண்ணப்பதாரருக்குத் தூதரகம் தர வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். நேர்காணலுக்கு முன்பே அதை முழுவதும் படித்துவிடுங்கள்.